"கவலைப்படாதீர்கள்" என்று சொன்னவர் கையெழுத்துப் போடவில்லை

மார்ச் நடுவில் ஒரு மாணவி என் அறைக்கு வந்து, அடுத்த செமஸ்டரும் கால்குலஸ் நீங்கள்தானே எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பதிவுப் பக்கத்தில் உங்கள் பெயரைக் காணோமே, 'ஸ்டாஃப்' என்றுதான் போட்டிருக்கிறது" என்றாள். ஏதாவது கணினிக் கோளாறாக இருக்கும் என்று சிரித்து அனுப்பிவைத்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு நானே பார்த்தேன். நான் வழக்கமாக எடுக்கும் நான்கு வகுப்புகளிலும் 'ஸ்டாஃப்', அதாவது யார் எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அது 2019. என் ஒப்பந்தம் முடிய எட்டு வாரம்தான் இருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டெனூர் என்பது நிரந்தரப் பணி. டெனூர்-டிராக் என்பது சில வருடம் கழித்து அந்த நிரந்தரத்துக்கான பரிசீலனைக்குப் போகும் வரிசை. அந்த வரிசையிலேயே சேராத நாங்கள் லெக்சரர், இன்ஸ்ட்ரக்டர், டீச்சிங் புரொஃபசர் என்று பல பெயர்களில் இருக்கிறோம். பெயர் எதுவானாலும் நியமனக் கடிதத்தில் ஒரு முடிவுத் தேதி இருக்கும். ஊரில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே முழுநேர லெக்சரராக இருந்தால் மாதாமாதம் சம்பளம் வரும், மருத்துவக் காப்பீடு இருக்கும், கதவில் பெயர்ப்பலகைகூட இருக்கும். அதனாலேயே அந்த முடிவுத் தேதி மறந்துபோகும். எனக்கு மறந்துபோயிருந்தது.

2016 ஆகஸ்டில் கணிதத் துறையில் சேர்ந்தேன். வருடத்துக்கு ஒரு கடிதம். முதல் இரண்டு முறையும் பிப்ரவரியில் பி.டி.எஃப். வந்தது, போனிலேயே கையெழுத்துப் போட்டேன், முழுதாகப் படிக்கக்கூட இல்லை. மூன்றாவது முறை பிப்ரவரி போய்விட்டது, கடிதத்தைக் காணோம். காரிடாரில் துறைத்தலைவரைப் பிடித்துக் கேட்டதற்கு, "கவலைப்படாதீர்கள், நீங்கள் இல்லாமல் எங்களுக்கு எப்படி ஓடும்?" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் அந்தக் கோடையோடு தலைவர் பதவியை விட்டு இறங்குகிறவர். என் சம்பளத்துக்கான பணம் அவர் கையில் இல்லை, டீன் கையில் இருந்தது. டீன் அலுவலகமோ மாணவர் சேர்க்கை எண்ணிக்கை வரட்டும் என்று எல்லா லெக்சரர் பணியிடங்களையும் நிறுத்தி வைத்திருந்தது. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

'ஸ்டாஃப்' என்று பார்த்த அன்று இரவு, அதே பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறையில் நெடுங்காலமாக லெக்சரராக இருக்கும் ஓர் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அவர் சொன்னதை ஈமெயில்ல வாங்கினியா தம்பி?"

"இல்லக்கா."

"ஏன் வாங்கல?"

"அவர் நல்ல மனுஷன்க்கா."

"நல்ல மனுஷன்னா கையெழுத்துப் போட மாட்டாரா?"

அப்புறம்தான் ஆசிரியர் கையேட்டைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று இணைப்பு அனுப்பியிருந்தார்கள், மூன்று வருடத்தில் அன்றுதான் முதல் முறை. டெனூர்-டிராக் ஆசிரியரைத் தொடர வைக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று தெளிவாக ஒரு பட்டியல் இருந்தது. முதல் வருடத்தில் மார்ச் 1, இரண்டாம் வருடத்தில் டிசம்பர் 15, அதற்கு மேல் பணியாற்றியவர்களுக்கு ஒப்பந்தம் முடிவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே. இது எந்த ஒரு கல்லூரியும் தானாகக் கண்டுபிடித்த கணக்கு இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1964-ல் வகுத்த நெறி, பல கையேடுகள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த நெறிக்குச் சட்டபலம் கிடையாது. ஆனால் கையேட்டில் ஏறிவிட்டால் பல்கலைக்கழகத்தால் எளிதில் தள்ளிவிட முடியாது.

சரி, எங்களுக்கு? பக்கத்திலேயே ஒற்றை வரி இருந்தது. குறித்த கால நியமனங்கள் கடிதத்தில் உள்ள தேதியில் தாமாக முடிவடையும், தனி அறிவிப்பு தேவையில்லை. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. அதன் பொருள் இதுதான்: யாரும் என்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். கடிதம் வரவில்லையென்றால் 'இன்னும் முடிவாகவில்லை' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையேட்டின்படி கடிதம் வராததே முடிவு.

காரணம் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்கலாம், பதில் சொல்லும் கடமை பெரும்பாலும் அவர்களுக்கு இல்லை. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் கொடுத்தது. விஸ்கான்சினில் ஆஷ்காஷ் என்ற ஊரின் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்த டேவிட் ராத் என்பவரை மறுபடி எடுக்கவில்லை. காரணமோ விசாரணையோ கேட்க அவருக்கு அரசமைப்பு உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. மறு வழக்கு டெக்சஸில் ஒடெஸா ஜூனியர் கல்லூரி ஆசிரியர் ராபர்ட் சிண்டர்மனுடையது. அவரும் வருடாவருடம் ஒப்பந்தத்தில் இருந்தவர்தான். ஆனால் பணி திருப்தியாக இருக்கும்வரை தாம் நிரந்தரம் என்று ஆசிரியர் நினைத்துக்கொள்ளலாம் என்ற தொனியில் அந்தக் கல்லூரியின் கையேட்டில் ஒரு வாசகம் இருந்தது. அதை வைத்துத் தன் உரிமையை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒருவருக்குக் கையில் காகிதம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. (இவை இரண்டும் அரசு நிறுவனங்கள். தனியார் பல்கலைக்கழகத்தில் இந்த அரசமைப்பு வாதத்துக்கே இடமில்லை, ஒப்பந்தமும் கையேடும்தான் எல்லாம்.)

மறுநாள் காலை துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அக்கா சொல்லிக்கொடுத்த அமைப்பு, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். "காரிடாரில் பேசியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: 2019-20-க்கும் என் பணியைத் தொடரத் துறை பரிந்துரைக்கிறது. கடிதம் எந்தத் தேதிக்குள் வரும் என்று தெரிந்தால் விசா நீட்டிப்புக்கான வேலையைத் தொடங்குவேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்." அவ்வளவுதான். குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. அவர் பதில் போட்டால் எழுத்தில் ஒரு ஒப்புதல் கிடைக்கிறது. போடாவிட்டால் நான் கேட்டதற்குத் தேதியோடு ஒரு சாட்சி இருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'பரிந்துரை அனுப்பிவிட்டேன்' என்று அதில் இல்லை, 'அனுப்புகிறேன்' என்றுதான் இருந்தது. நான் நினைத்துக்கொண்டிருந்த பரிந்துரை அதுவரை துறையை விட்டே கிளம்பவில்லை. எங்கள் இடத்தில் முறை இப்படி: துறைத்தலைவர் பரிந்துரைப்பார், டீன் அலுவலகம் பணம் இருக்கிறதா என்று பார்க்கும், டீன்களுக்கும் மேலே உள்ள பிரவோஸ்ட் அலுவலகம் ஒப்புதல் தரும், கடைசியில் ஹெச்.ஆர். கடிதம் அனுப்பும். இந்தச் சங்கிலியில் எந்த மேஜையில் என் கோப்பு இருக்கிறது என்பதைத் துறைத்தலைவரைவிடத் துறையின் நிர்வாக உதவியாளர் நன்றாக அறிவார். வாரம் ஒருமுறை அவரிடம் போய் நின்றேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான், அந்த அம்மாவிடம் மரியாதையாக இருங்கள். அவர் நினைத்தால் ஒரு கோப்பு வெள்ளிக்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமையே நகரும்.

விசா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இந்தியர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். என் எச்1பி வேலை விசா, ஒப்பந்தம் முடியும் அதே மே 15-ல் முடிந்தது. வேலை போனாலும் 60 நாள் அவகாசம் உண்டு என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். 2017-லிருந்து அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் 60 நாள் அல்லது விசா காலம் முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். இரண்டும் ஒரே நாளில் முடிகிறவனுக்கு அந்த 60 நாளில் ஒரு நாள்கூட மிஞ்சாது. ஊர் திரும்பும் பயணச் செலவை முதலாளி தர வேண்டும் என்ற விதியும், அனுமதிக் காலம் முடியும் முன்பே வேலையை விட்டு அனுப்பினால்தான். ஆகவே கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள தேதியையும் ஐ-94-ல், அதாவது எதுவரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் பதிவில், உள்ள தேதியையும்தான். எனக்கு அப்போது மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு பாலர் பள்ளியில் அடுத்த வருட முன்பணம் கட்டுவதா வேண்டாமா என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 26 அன்று கடிதம் வந்தது, ஒரு வருடத்துக்கு. விசா வேலைகளைப் பார்க்கும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். எச்1பி மனுவுக்கு முன்னால் சம்பளமும் பணிநிலையும் முறைப்படி இருக்கும் என்று முதலாளி தரும் உறுதிக்கு (எல்.சி.ஏ.) தொழிலாளர் துறையிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கே ஏழு வேலைநாள் ஆகும். மே 9-ல் மனு போனது. காலம் முடியும் முன்பு நீட்டிப்பு மனு போய்விட்டால், முடிவு வரும்வரை அதிகபட்சம் 240 நாள் அதே முதலாளியிடம் வேலையைத் தொடரலாம். ஆறு நாள் இடைவெளியில் தப்பினேன். நீட்டிப்பு மனுவை ஆறு மாதம் முன்பே போடலாம், அதாவது நவம்பரிலேயே. நவம்பரில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கிரீன் கார்டு விஷயத்திலும் ஒரு தேதியை இதே மாதிரி கோட்டைவிட்டிருந்தேன். கிரீன் கார்டுக்கு முன்னால் முதலாளி தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய லேபர் சர்டிஃபிகேஷன் என்ற சான்றில், கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு தனி வழி உண்டு. விண்ணப்பித்த பலரிலிருந்து போட்டி முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், எடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் போதும், திரும்பவும் ஆள் தேட வேண்டியதில்லை. எனக்கு அந்த 18 மாதம் எப்போதோ போய்விட்டிருந்தது. துறை மறுபடி விளம்பரம் கொடுத்துத் தேர்வு நடத்த வேண்டியதாயிற்று. நானும் விண்ணப்பித்தேன், நான் பார்த்துக்கொண்டிருந்த என் வேலைக்கே. நேர்காணலில், இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள் என்று பக்கத்து அறைக்காரர் கேட்டார். இரண்டு பேரும் சிரிக்காமல் சமாளித்தோம். சேரும்போதே பேசுங்கள், முதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே. அப்போது கேட்டால் அது வழக்கமான கேள்வி. மூன்று வருடம் கழித்துக் கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்த கட்டம் 2021. எங்கள் இடத்தில் ஆறாம் வருடத்தில் ஒரு பெரிய பரிசீலனை, தேறினால் மூன்று வருட ஒப்பந்தம். இடத்துக்கு இடம் இது மாறும். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் தொடர்ந்து ஆறு வருடம் பணிபுரிந்த லெக்சரருக்கு மூன்று வருட நியமனம் என்பது தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது. யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் ஆறு வருடம் கழித்துத் தகுதிப் பரிசீலனையில் தேறினால் முடிவுத் தேதி இல்லாத தொடர் நியமனமே உண்டு. இரண்டுமே சங்கம் பேரம் பேசி வாங்கியவை. சங்கம் இருக்கும் இடத்தில் கையேட்டுக்கு முன்னால் சங்க ஒப்பந்தத்தைப் படியுங்கள். எங்கள் இடத்தில் சங்கம் இல்லை, கையேடுதான்.

பரிசீலனைக்குக் கோப்பு கேட்டார்கள். கற்பித்தல் பற்றி ஒரு குறிப்பு, பாடத்திட்டங்கள், மாணவர் மதிப்பீடுகள், சக ஆசிரியர் வகுப்பைப் பார்த்து எழுதிய அறிக்கைகள். நான் முதலில் எழுதிய குறிப்பு படுமோசம். கற்பித்தலை எவ்வளவு நேசிக்கிறேன் என்று இரண்டு பக்கம் உருகியிருந்தேன். அக்கா படித்துவிட்டு, "நீ என்ன பண்ணினேன்னு எங்க இருக்கு?" என்று கேட்டார். திருப்பி எழுதினேன். காலை எட்டு மணி கால்குலஸ் வகுப்பில் வாராந்திரச் சிறு தேர்வுகளை எப்படி மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்னிடம் முதல் கால்குலஸ் படித்துவிட்டுப் போனவர்கள் இரண்டாவதில் எப்படிச் செய்தார்கள். கடைசியாகச் சொன்னதற்கான விவரத்தைத் துறையிலேயே கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் பாடத்துக்கு இதைவிடப் பலமான ஆதாரம் வேறு கிடையாது.

மாணவர் மதிப்பீடு ஒரு தனித் தலைவலி. எனக்கு 5-க்கு 3.9, துறையின் சராசரி 4.1. குழுவில் ஒருவர் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முகம் சுளித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். 94 பேர் இருந்த வகுப்பில் பதில் கொடுத்தவர்கள் 11 பேர். அந்தப் பதினொன்றில் இரண்டு பேர் எல்லாக் கேள்விக்கும் 1 போட்டிருந்தார்கள். ஆக, சராசரியை மட்டும் கொடுக்காமல், எத்தனை பேரில் எத்தனை பேர், எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் போட்டார்கள், இது கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா என்று ஒரு பக்க அட்டவணை போட்டு இணைத்தேன். கனடாவில் 2018-ல், அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தின் வழக்கில் ஒரு நடுவர், பதவி உயர்வுக்கும் டெனூருக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்த மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் அது செல்லாது. ஆனாலும் உங்கள் எண்ணுக்குப் பின்னால் உள்ளதை நீங்களே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு கடைசி வார வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, நான் வெளியே போய்விட்டு, அங்கேயே மதிப்பீட்டை நிரப்பச் சொல்கிறேன். பதில்கள் பாதிக்கு மேல் வருகின்றன.

வகுப்பைப் பார்க்க யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே கூப்பிடுங்கள். நான் மூன்று வருடத்தில் மூன்று பேரைக் கூப்பிட்டேன். அதில் இருவர் டெனூர் உள்ளவர்கள், ஏனென்றால் பரிசீலனைக் குழுவில் உட்காருகிறவர்கள் அவர்கள்தான். வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறவரிடம், அதே வாரம் ஒரு பக்கம் எழுதி வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் போனால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

என் கடிதத்தில் பணி '100 சதவீதம் கற்பித்தல்' என்று இருந்தது. நான் செய்ததோ கால்குலஸ் பிரிவுகள் அனைத்தையும் ஒருங்கிணைப்பது, முதுகலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் பயிற்சி தருவது, சேர்க்கை நாட்களில் பெற்றோருக்குப் பதில் சொல்வது. கடிதத்தின் கணக்கில் இதெல்லாம் இல்லாத வேலை. குழு பார்க்காமல் விட்டதில் தப்பே இல்லை. மூன்று வருட ஒப்பந்தம் கைக்கு வந்தபோது, கையெழுத்துப் போடும் முன் இதைத்தான் கேட்டேன்: 80 சதவீதம் கற்பித்தல், 20 சதவீதம் ஒருங்கிணைப்பு. சம்பள உயர்வு கேட்டபோது இழுத்தவர்கள் இதற்கு ஒரே நாளில் சரி என்றார்கள். அவர்களுக்குப் பணச்செலவு இல்லை. எனக்கோ நான்கு வகுப்பு மூன்றாயிற்று.

கடிதத்தில் 'மாணவர் சேர்க்கையையும் நிதியையும் பொறுத்தது' என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நீக்க மாட்டார்கள். ஆனால் அந்த வரிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பகுதிநேரமாக இருந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள நண்பர் ஒருவர் கோடையில் வேலையின்மைப் படிக்கு விண்ணப்பித்தார். இலையுதிர் காலத்தில் வேலைக்குத் திரும்ப 'நியாயமான உறுதி' இருப்பவர்களுக்குக் கோடையில் படி கிடையாது என்பது விதி. சேர்க்கையைப் பொறுத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதை உறுதி என்று எப்படிச் சொல்ல முடியும் என்று இவர் கேட்டார். கலிஃபோர்னியாவில் 1989-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வாதத்தை ஏற்றிருக்கிறது. மத்தியத் தொழிலாளர் துறையும் 2016-ல் இதை விளக்கி மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. நண்பருக்குப் படி கிடைத்தது.

எனக்கு 2022-ல் மூன்று வருடம், 2025-ல் இன்னொரு மூன்று வருடம். இப்போது என் காலண்டரில் மே 15-க்குக் குறிப்பு எதுவும் கிடையாது. அக்டோபர் முதல் வாரத்தில் ஒன்று இருக்கிறது, துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்ப. ஜனவரியில் ஒன்று, கோப்பு எந்த மேஜையில் என்று கேட்க. மார்ச்சில் அடுத்த செமஸ்டர் அட்டவணை வெளியாகும் நாளில் காலையில் எழுந்ததும் அதைத்தான் திறக்கிறேன். இந்த வருடம் ஒரு வகுப்பில் என் பெயருக்குப் பதில் 'ஸ்டாஃப்' என்று இருந்தது. பல் விளக்காமலேயே நிர்வாக உதவியாளருக்கு போன் போட்டேன். நிஜமாகவே கணினிக் கோளாறுதானாம். "இதுக்காகவா ஏழு மணிக்கு எழுப்பினீங்க?" என்று அந்த அம்மா கொஞ்சம் கோபித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோளாறு என்பதை ஒரு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிட முடியுமா என்று கேட்டேன்.